போர்க்காலத்தில் ஆராய்ச்சி மணி

முன்னுரை

கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியின் கயிற்றை இழுத்த கதையை அறியாதவர் நம்மில் யாருமில்லை. ஓசை கேட்டு எழுந்து வந்த மனுநீதிச் சோழனின் சிலை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. அன்பார்ந்த தோழியரே, அந்தக் கதை நடந்த நாளில் திருவாரூரில் அமைதி நிலவியது. நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டு, வீதிக்கு வீதி காவலரண் நிற்கும் காலத்தில் அந்த மணி என்னவாகும்? கயிறு ஏழையின் கைக்கு எட்டுமா? இக்கேள்விக்கு விடை தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் மாடம்பாக்கத்திற்கு அருகிலுள்ள தாம்பரம் வழியாகத்தான் அந்நாளில் ‘போட் மெயில்’ இலங்கைப் பயணிகளை ஏற்றிக்கொண்டு தனுஷ்கோடிக்குச் சென்றது. அக்கடலுக்கு அப்பால் உள்ள இலங்கையில் 1983 முதல் 2009 வரை போர் நடந்தது. அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அளித்த சில தீர்ப்புகளை இக்கட்டுரையில் காண்போம்.

கயிறு எது?

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இலங்கைத் தமிழில் ‘உயர் நீதிமன்றம்’ என்றால் அது நாம் கூறும் உச்ச நீதிமன்றம். நாம் உயர் நீதிமன்றம் என்பதை ஒத்ததை அவர்கள் ‘மேல் நீதிமன்றம்’ என்பார்கள். இக்கட்டுரையில் நமக்குப் பழக்கமான சொற்களையே கையாளுகிறோம்.

நம் அரசியலமைப்பின் 32ஆம் பிரிவின்படி அடிப்படை உரிமை பறிபோனால் நேரே உச்ச நீதிமன்றத்தை நாடலாம் என்று குடிமையியல் பாடத்தில் படித்திருக்கிறோம். இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பில் 126ஆம் பிரிவு அதே வழியைத் திறந்து வைத்தது. சித்திரவதை கூடாது என்று 11ஆம் பிரிவும், சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று 12ஆம் பிரிவும் கூறுகின்றன. ஆனால் உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்திற்குள் மனுச் செய்ய வேண்டும். இருட்டறையில் அடைக்கப்பட்டவன் ஒரு மாதத்திற்குள் எப்படி மனு எழுதுவான் என்று நாம் சிந்திக்க வேண்டும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. நம் நாட்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அரசியலமைப்புக்கு முரணானால் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது எனலாம். இலங்கையில் மசோதாவாக இருக்கும்போது மட்டுமே எதிர்க்க முடியும். அதற்குப் போர்க்காலத்தில் இருந்த அவகாசம் ஒரே வாரம். சட்டமாகிவிட்டால் அது செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் ஒருவரை வழக்கின்றியே 18 மாதம் வரை அடைத்து வைக்க இடம் தந்தது. சாதாரணச் சட்டத்தில் காவல்துறையினரிடம் சொன்ன வாக்குமூலம் சாட்சியமாகாது. இச்சட்டமோ, உதவிக் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரியிடம் சொன்னதைச் சாட்சியமாக ஏற்றது. நீதிபதிகள் மனம் இரங்கினாலும் இச்சட்டத்தை அகற்ற அவர்களுக்கு வழி இல்லை.

ஒரே நாளில் வந்த நீதி

2007 ஜூன் 7ஆம் நாள் அதிகாலையில் கொழும்பு நகரின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைக் காவல்துறையினர் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றினர். பெரும்பாலோர் வவுனியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் 85 பேர் பெண்கள். தங்குவதற்குத் தக்க காரணம் இல்லை என்பதே அரசு சொன்ன குற்றம். மாற்றுக் கொள்கைகளுக்கான மையம் என்ற அமைப்பு உடனே உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தது. மறுநாளே, ஜூன் 8 அன்று, வெளியேற்றத்தை நிறுத்துமாறு நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் கொழும்புக்குத் திரும்ப அழைத்து வரப்பட்டனர். பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். போர் உச்சத்தில் இருந்த காலத்திலும் நீதிமன்றம் நினைத்தால் ஒரே நாளில் அரசின் கையைப் பிடித்து நிறுத்த முடியும் என்பதற்கு இது சான்று.

எட்டாத நீதி

அதற்கு முந்தைய ஆண்டில் நடந்தது வேறு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒரு தமிழ் இளைஞருக்கு 1995இல் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது 35 ஆண்டாகக் குறைந்தது. அவருக்கு எதிராக இருந்த சான்று ஒரு வாக்குமூலம் மட்டுமே. அது தமக்குத் தெரியாத சிங்களத்தில் எழுதப்பட்டது என்றும், துன்புறுத்திக் கைந்நாட்டு வாங்கினார்கள் என்றும் அவர் முறையிட்டார். ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004இல் அவருக்குச் சாதகமாகக் கருத்துக் கூறியது. அதைக் காட்டி அவர் மீண்டும் கொழும்பு உச்ச நீதிமன்றத்தை நாடினார். 2006 செப்டம்பர் 15ஆம் நாள் தலைமை நீதிபதி சரத் என். சில்வா தலைமையிலான அமர்வு மனுவைத் தள்ளுபடி செய்தது. அந்தக் குழுவிடம் குடிமக்கள் முறையிட வழி செய்யும் உடன்படிக்கையில் 1997இல் குடியரசுத் தலைவர் இணைந்ததே அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்று அது கூறியது. ஒரு மனிதருக்கு அடைத்த கதவு நாட்டு மக்கள் அனைவருக்கும் அடைபட்டது.

அடுத்த மாதமே, அக்டோபர் 16 அன்று, வடக்கு, கிழக்கு மாகாணங்களை 1988இல் இணைத்தது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று சட்டம் விதித்த நிபந்தனை நிறைவேறாமலே, அவசரகால விதியைக் கொண்டு இணைப்பு அறிவிக்கப்பட்டது என்பது காரணம். இந்திய இலங்கை ஒப்பந்தத்தின் பயனாக உருவான மாகாணம் 2007 ஜனவரி 1 முதல் இரண்டாயிற்று. சட்டத்தின் எழுத்து சரியாக இருந்தாலும், ஒரு தீர்ப்பு அமைதிப் பேச்சின் அடித்தளத்தையே அசைக்கலாம் என்று இதனால் உணர்கிறோம்.

நம்மைப் போன்ற ஒரு மாணவி

எல்லாவற்றிலும் நம் நெஞ்சை உருக்குவது கிருசாந்தி குமாரசுவாமியின் வழக்கு. யாழ்ப்பாணம் சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி அவள். 1996 செப்டம்பர் 7 அன்று தேர்வு எழுதிவிட்டு மிதிவண்டியில் வீடு திரும்பும்போது கைதடி காவலரணில் நிறுத்தப்பட்டாள். அவளைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அண்டை வீட்டாரும் திரும்பவில்லை. நால்வரும் கொலையுண்டனர். 1998இல் கொழும்பில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு குற்றவாளிகளான படையினருக்கு மரண தண்டனை விதித்தது. 2004இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. தண்டனை எத்தகையதாக இருக்க வேண்டும் என்பது பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆயினும் சீருடை அணிந்தவரும் சட்டத்திற்கு உட்பட்டவரே என்று போர்க்காலத்தில் ஒரு நீதிமன்றம் சொன்னது சிறிய செயல் அன்று. இத்தகைய தீர்ப்புகள் அரிதாகவே வந்தன என்பதுதான் வேதனை.

பிற நாடுகளின் பாடம்

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது குடிமக்கள் சிலரை இராணுவ நீதிமன்றம் விசாரித்தது. குடிமை நீதிமன்றங்கள் திறந்திருக்கும் இடத்தில் அது கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மில்லிகன் வழக்கில் கூறியது. ஆனால் கூறிய ஆண்டு 1866. போர் 1865லேயே முடிந்துவிட்டது!

நம் நாட்டிலும் பெருமைப்பட முடியாத ஒரு நாள் உண்டு. போரே இல்லாத நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 ஏப்ரல் 28 அன்று, சிறைப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனுச் செய்ய முடியாது என்று நான்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். எச்.ஆர். கன்னா ஒருவரே மறுத்து எழுதினார். தலைமை நீதிபதிப் பதவி அவருக்கு வராமற் போயிற்று. உயிர் வாழும் உரிமையை நெருக்கடி நிலையிலும் நிறுத்த முடியாது என்று 1978இல் 44ஆம் திருத்தம் வந்தது. 2017இல் உச்ச நீதிமன்றமே பழைய தீர்ப்பு தவறு என்று அறிவித்தது.

முடிவுரை

ஆகவே தோழியரே, நீதிமணி தானாக ஒலிப்பதில்லை. கொழும்பில் 376 பேருக்காக உடனே மனுச் செய்ய ஒரு அமைப்பு இருந்தது. கேட்க நீதிபதிகள் இருந்தனர். தடுக்கும் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. மூன்றும் கூடியபோது நீதி ஒரே நாளில் வந்தது. சிறையிலிருந்த இளைஞருக்கு அவை கூடவில்லை. அமைதிக் காலத்தில் நல்ல சட்டங்களை இயற்றுவதும், தீய சட்டம் மசோதாவாக இருக்கும்போதே எதிர்ப்பதும் குடிமக்களின் கடமை. போர் வந்த பின் கயிறு திரிக்க நேரம் இராது.

1983 முதல் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர் பலர் இன்னும் தமிழ்நாட்டு மறுவாழ்வு முகாம்களில் வாழ்கின்றனர். அவர்களுடைய பிள்ளைகளும் நம்மைப் போலவே குடிமையியல் படிக்கிறார்கள். அடிப்படை உரிமை என்ற பாடம் நமக்குத் தேர்வுக்கான ஐந்து மதிப்பெண். அவர்களுடைய பெற்றோருக்கு அதுவே உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. இதை மறவாமல் அப்பாடத்தைப் படிப்போம். நம்மில் சிலர் நாளை வழக்கறிஞராகலாம், நீதிபதியும் ஆகலாம். அன்று யார் கயிற்றை இழுத்தாலும், எந்த மொழியில் முறையிட்டாலும், எழுந்து வருவோம்.

வாழ்க நீதி!