ஷேடு பார்க்கும் கண்ணுக்கு மலையில் ஒரு வேலை

திருப்பூர் அருள்புரத்தில் பனியன் கம்பெனி செக்கிங் டேபிள் முன்னால் நாலு வருஷம் நின்றவருக்கு ஆரஞ்சு என்பது ஒரே நிறம் அல்ல. லேப் டிப் என்கிற நிற மாதிரியை விட லாட் ஒரு பொட்டு மஞ்சளடித்தாலும் கண் பிடித்துவிடும். அந்தக் கண்ணை வைத்து ஆனைமலைப் பக்கம் பறவை வழிகாட்டியாகப் போக முடியுமா? முடியும். ஆனால் அங்கே நிறத்தைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும்.

டியூப்லைட்டில் ஒன்றாக இருந்த இரண்டு பீஸ் வெயிலில் வேறாகிவிடும் என்றுதானே கம்பெனியில் லைட் பாக்ஸ் வைத்திருக்கிறோம்? காட்டில் அந்தப் பெட்டி கிடையாது. எதிர்வெயிலில் ஆரஞ்சு கறுப்பாகும், இலைநிழலில் பழுப்பாகும். அதனால் முதல் கேள்வி, பறவை எந்த உயரத்தில் இருக்கிறது?

மர உச்சியில் கூட்டமாகத் தாவினால் மின்சிட்டாக இருக்கலாம். ஆண் கருந்தலையும் ஆரஞ்சு வயிறுமாக இருக்கும். பெண் சாம்பலும் மஞ்சளும். ஷேடு வேரியேஷன் என்று தனி லாட்டாகப் பிரித்துவிடாதீர்கள், இரண்டும் ஒரே இனம். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

நடுக்கிளையில் அசையாமல் உட்கார்ந்திருப்பது தீக்காக்கை. பெயரில்தான் காக்கை. ஆணின் வயிறு சிவப்பு, பெண்ணுடையது மங்கிய ஆரஞ்சு. ஆளைக் கண்டு மிரண்டால் மங்கலான முதுகைத் திருப்பிக்கொள்ளும். நிறத்தை நம்பிப் போனவர் பக்கத்திலேயே நின்றும் பார்க்காமல் திரும்புவார்.

தரையில் சருகைப் புரட்டுவது செந்தலைப் பூங்குருவி. வெள்ளைக் கன்னத்தில் இரண்டு கரும்பட்டைகள் இருக்கும். உயரமான சோலைக்காட்டுப் புதருக்குள், தரையை ஒட்டியே திரியும் சிறு குருவி என்றால் கறுப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பானா என்று பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது. வெளியூர்ப் பறவை ஆர்வலர்கள் செலவு செய்து வருவதே இதுபோன்ற பறவைகளுக்காகத்தான்.

பயிற்சிக்கு உடனே பஸ் ஏறி வால்பாறை போக வேண்டியதில்லை. திருப்பூர் நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே ஆரஞ்சு குறைவுதான். ஆனால் நடை, அலகு, உட்காரும் விதம் ஆகியவற்றை வைத்துப் பெயர் சொல்லப் பழகலாம். ஊர்ப்புற மரங்களில் சின்ன மின்சிட்டும் தென்படும். பார்த்ததை அன்றைக்கே இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றுங்கள். ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் சேருங்கள். வேலை கேட்டுப் போகும்போது காட்ட உங்களிடம் இருக்கப்போவது அந்தப் பட்டியல்தான்.

சனிக்கிழமைச் சம்பளத்தை இப்போதே விட்டுவிடாதீர்கள். மலையில் சீசன் போனால் வருமானமும் போகும். காட்டுக்குள் அனுமதி இல்லாமல் ஆளைக் கூட்டிப்போவது குற்றம். அங்கேயே பிறந்து வளர்ந்த பழங்குடி வழிகாட்டிகளிடம் ஒரு வருஷமாவது கற்றுக்கொள்ளுங்கள். குரலை வைத்தே பறவையைச் சொல்லும் காது விஷயத்தில் அவர்கள் முன் நாம் எல்லாம் ஹெல்ப்பர்தான்.

அப்புறம், காதர்பேட்டையில் சர்ப்ளஸ் பனியன் எடுக்கும்போது மண் நிறமோ இலைப்பச்சையோ பார்த்து எடுங்கள். பளீர் ஆரஞ்சு வேண்டாம்.