மின் மாண்டலின்: கிராமப் பட்டறைக்கு ஓர் அளவுப் பாடம்

புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் கிராமத்தில் முதலில் கேட்பது கோடரியின் ஓசையே. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் ‘தானே’ புயல் பண்ருட்டி வட்டாரத்துப் பலா, முந்திரித் தோப்புகளைச் சாய்த்தது. 2018 நவம்பர் 16ஆம் நாள் ‘கஜா’ புயல் புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடிப் பகுதியில் எண்ணற்ற பலா மரங்களை வேரோடு பறித்தது. அத்தகைய வேளையில் பாதையைச் சீராக்கும் அவசரமே முன்னிற்கும். பல்லாண்டு வளர்ந்து வைரம் பாய்ந்த அடிமரமும் கிளையோடு கிளையாக விறகு வண்டியில் ஏறிவிடுவதுண்டு.

இதே பலாவிலிருந்துதான் தஞ்சாவூர் வீணை பிறக்கிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற அவ்வீணைக்குப் பருத்த, நீண்ட, பழுதற்ற மரம் வேண்டும். சாய்ந்த மரங்கள் யாவும் அதற்கு உதவா. ஆனால் 30 செ.மீ. நீளமும் 23 செ.மீ. அகலமும் 4 செ.மீ. கனமும் உள்ள ஒரு பலகை கிடைக்குமாயின், அதனைக் கொண்டு வேறோர் இசைக்கருவியின் உடலைச் செய்யலாம். அதுவே மின் மாண்டலின். அதைச் செய்யும் முறையையும், அதில் கிராமத்தவர் கருத்தில் கொள்ள வேண்டியவற்றையும் இங்கே ஆராய்வோம்.

கருவியின் வரலாறு

மாண்டலின் இத்தாலி நாட்டில் உருப்பெற்ற கருவி. பழைய வடிவில் அது உள்ளே குடைவுள்ளதாகவும், இரண்டிரண்டாக நான்கு இணைக் கம்பிகள் உடையதாகவும் இருக்கும். அதன் ஓசை இனியதாயினும் விரைவில் அடங்கிவிடும். மின்சாரத்தால் ஓசையைப் பெருக்க முயன்றபோது, குடைவுள்ள உடல் ஒலிபெருக்கியின் ஓசையைத் தானே மீண்டும் வாங்கி ஊளையிடத் தொடங்கிற்று. ஆகவே குடைவில்லாத கட்டை உடல் தேவையாயிற்று.

பிரேசில் நாட்டின் சால்வடார் நகரத்தில் 1940களில் டோடோ, ஒஸ்மார் என்னும் இரு நண்பர்கள் இவ்வாறே ஒரு கட்டைக் கருவியைச் செய்தனர். முன்னவர் வானொலித் தொழில் அறிந்தவர். பின்னவர் உலோகப் பட்டறைத் தொழில் அறிந்தவர். 1950இல் ஒரு பழைய ஃபோர்டு காரின் மேல் அமர்ந்து திருவிழாவில் அவர்கள் வாசித்தனர். அமெரிக்காவில் பால் பிக்ஸ்பி என்னும் கைவினைஞர் 1952இல் டைனி மூர் என்னும் கலைஞருக்காக ஐந்து தனிக் கம்பிகள் கொண்ட மின் மாண்டலினைக் கையால் செய்து தந்தார்.

நம் நாட்டில் இக்கருவிக்குப் பெருமை தேடித் தந்தவர் உ. ஸ்ரீநிவாஸ். ஆந்திர மாநிலம் பாலகொல்லில் 1969இல் பிறந்த அவர், 1978இல் ஒன்பது வயதில் குடிவாடாவில் மேடையேறினார். இணைக் கம்பிகளை விட்டுத் தனிக் கம்பிகளைப் பூட்டினார். மின் கருவியில் நாதம் நீண்டு நிற்பதால் கர்நாடக இசையின் கமகங்களை அதில் இழைக்க முடிந்தது. 1998இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2014இல் சென்னையில் மறைந்தார்.

இவ்வரலாற்றில் நாம் காண வேண்டியது ஒன்றுண்டு. இக்கருவியைப் பெரிய ஆலைகள் மட்டும் உருவாக்கவில்லை. வானொலி பழுது பார்ப்பவரும் பட்டறைக்காரரும் ஒரு மேசையில் அமர்ந்து உருவாக்கியதும் உண்டு. நம் ஒன்றியங்களில் தச்சர் இருக்கிறார், கொல்லர் இருக்கிறார், பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர் இருக்கிறார். கைகள் உள்ளன. வேண்டுவன பொறுமையும் கணக்கும்.

முதற்படி: மரத்தை உலர்த்துதல்

அறுத்த பலகையின் இரு முனைகளிலும் மெழுகோ வர்ணமோ பூச வேண்டும். இல்லையேல் முனை விரைவில் உலர்ந்து வெடிக்கும். பின்னர் நிழலில், காற்றோட்டமுள்ள கொட்டகையில், பலகைகளுக்கிடையே ஒரே கனமுள்ள ரீப்பர்களை வைத்து அடுக்க வேண்டும். ஓர் அங்குலக் கனத்திற்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு என்பது பொதுக் கணக்கு.

உலர்ந்துவிட்டதா என அறியக் கருவி ஏதும் வேண்டா. கொட்டகையிலுள்ள ஒரு பலகையை வாரந்தோறும் ஒரே தராசில் நிறுத்து, எடையைச் சுவரில் எழுதி வருக. எடை குறைவது நின்று பல வாரங்கள் ஒரே அளவில் நிலைத்தால் மரம் பக்குவப்பட்டது என்று கொள்ளலாம்.

கழுத்துப் பகுதிக்கு நன்கு உலர்ந்த தேக்கு ஏற்றது. பலகையின் முனையைப் பார்க்கும்போது வளையக் கோடுகள் செங்குத்தாக நிற்பதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அத்தகைய மரம் எளிதில் வளையாது. விரல் அழுந்தும் பலகைக்குக் கடினமான மரம் வேண்டும். ஈட்டி மரமே வழக்கமாயினும், அவ்வின மரங்கள் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்துள்ளன. ஏர்க்கலப்பைக்கும் வண்டிக்கும் பயன்பட்டு வந்த கருவேலத்தின் வைரத்தை நாம் முயன்று பார்க்கலாம்.

இரண்டாம் படி: கழுத்தும் இழுவையும்

தச்சர் நூல் போட்டு நடுக்கோடு கீறுவது போல, உடல், கழுத்து, தலை மூன்றிற்கும் ஒரே நடுக்கோடு அமைய வேண்டும். பின்னர் எல்லா அளவுகளையும் அக்கோட்டிலிருந்தே எடுக்க வேண்டும்.

நான்கு கம்பிகளைச் சுருதிக்கு முறுக்கினால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 கிலோ எடையளவு இழுக்கும். நான்கும் சேர்ந்து 40 கிலோ. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நிறுத்துக் கட்டும் ஒரு மூட்டையை நினைவிற் கொள்க. அத்தனை பாரத்தையும் இரண்டு விரற்கடை கனமுள்ள கழுத்து இரவும் பகலும் தாங்க வேண்டும். ஆகவே கழுத்தின் நடுவே நீளவாட்டில் ஒரு பள்ளம் வெட்டி, எஃகுப் பட்டை ஒன்றைப் பதித்து, அதன்மேல் விரற்பலகையைப் பசையிட்டு ஒட்டுகிறோம். கழுத்தை உடலோடு நான்கு திருகாணிகளால் பிணைத்தால் பின்னாளில் கழற்றிச் செப்பனிடவும் இயலும்.

மூன்றாம் படி: மெட்டுக் கணக்கு

இப்பாடத்தின் உயிர்நாடி இதுவே. வீணையில் மெட்டுகள் மெழுகின்மேல் அமர்ந்துள்ளன. பிழை நேர்ந்தால் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்திவிடலாம். மாண்டலினில் மெட்டுக்கென மரத்தையே அறுக்கிறோம். மெழுகு பொறுக்கும், மரம் பொறுக்காது.

கம்பி அதிரும் நீளம், அதாவது தலைப்புறத்துப் படியிலிருந்து குதிரை வரையுள்ள தூரம், 352 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். இதனை 17.817 என்னும் எண்ணால் வகுத்தால் 19.76 கிடைக்கும். முதல் மெட்டு படியிலிருந்து 19.76 மி.மீ. தூரத்தில் அமையும். எஞ்சிய நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்த இடைவெளி கிடைக்கும். இவ்வாறு கணக்கிட்டால் படியிலிருந்து இரண்டாம் மெட்டு 38.40 மி.மீ., மூன்றாவது 56.00, ஐந்தாவது 88.30, ஏழாவது 117.07 மி.மீ. தூரத்தில் அமையும். பன்னிரண்டாம் மெட்டு 176 மி.மீ., அதாவது சரிபாதியில் நிற்கும். அது சரிபாதியில் வராவிடில் கணக்கில் பிழை உள்ளது என்பது பொருள். மாண்டலினைவிடப் பெரிய மாண்டோலா, மாண்டோசெல்லோ ஆகியவற்றிற்கும் நீளமே வேறு, கணக்கு ஒன்றே.

இங்கே எமது அனுபவம் ஒன்றைக் கூறுதல் தகும். நாம் செய்த முதற் கருவியில் ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டிற்கு அளந்து அளந்து கோடிட்டோம். ஒவ்வோர் அளவிலும் கால் மில்லிமீட்டர் கூடிற்று. கண்ணுக்கு அது தெரியவில்லை. பன்னிரண்டாம் மெட்டை அடைந்தபோது பிழை 3 மி.மீ. ஆகிவிட்டது. அவ்விடத்தில் ஒரு மெட்டிற்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியே 10 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. அரைச்சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிசகிற்று. மரமும் மூன்றே மாதம் உலர்ந்தது. ஐப்பசி மழையில் கழுத்து வில்லாய் வளைந்தது. பார்வைக்கு அழகாயிருந்த அக்கருவியை வாங்க வந்த இளைஞர் ஒருமுறை மீட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மேசைமேல் வைத்துச் சென்றார். ஆறு வார உழைப்பு வீணாயிற்று.

அன்று கற்றதை விதியாகக் கூறுகிறோம்: எல்லா மெட்டுகளையும் படியிலிருந்தே அளக்க வேண்டும், ஒன்றிலிருந்து ஒன்றை அளத்தலாகாது. வயலில் வரப்புக் கல் நடுவோர் ஒரே மூலைக் கல்லிலிருந்து அளப்பது போன்றதே இது. அளந்தபின் ஒருவர் படிக்க மற்றொருவர் சரிபார்க்க வேண்டும். அதன் பின்னரே, ஏறக்குறைய 0.6 மி.மீ. வெட்டும் மெல்லிய வாளைக் கையில் எடுக்கலாம்.

குதிரையைக் கணக்கிட்ட இடத்தில் ஒட்டிவிடலாகாது. கம்பியை மெட்டில் அழுத்தும்போது இழுவை சற்று மிகுவதால் சுருதி ஏறும். அதை ஈடு செய்யக் குதிரை ஓரிரு மில்லிமீட்டர் பின்னே அமைய வேண்டும். பன்னிரண்டாம் மெட்டின் நேர்மேலே கம்பியை மெல்லத் தொட்டு மீட்டிய ஒலியையும், அதே மெட்டில் அழுத்தி மீட்டிய ஒலியையும் ஒப்பிடுக. அழுத்திய ஒலி ஏறி இருந்தால் குதிரையைப் பின்னே தள்ளுக. இறங்கி இருந்தால் முன்னே கொணர்க.

நான்காம் படி: ஒலியை மின்சாரமாக்கல்

எஃகுக் கம்பியின் கீழே ஒரு காந்தமும், அதனைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும் உள்ளன. காந்தத்தின் அருகே கம்பி அதிரும்போது சுருளில் சிறு மின்னோட்டம் எழுகிறது. 1831இல் ஃபாரடே கண்ட தத்துவமே இது; சைக்கிள் டைனமோவும் இதனாலேயே எரிகிறது. இவ்வுறுப்பைப் ‘பிக்கப்’ என்பர்.

மோட்டார் காயில் கட்டும் தொழிலாளிக்கு இவ்வேலை புதிதன்று. கம்பிதான் மிக மெல்லியது. 42ஆம் எண் கம்பி 0.063 மி.மீ. கனமே உள்ளது, தலைமயிரை ஒத்தது. அதனை 5,000 முதல் 8,000 சுற்று வரை சுற்ற வேண்டும். கை சற்று இழுத்தாலும் அறுந்துவிடும். முடிந்தபின் சுருளை உருகிய மெழுகில் ஊற வைத்தால் சுற்றுகள் அசையா, கீச்சொலி எழாது. மெழுகை நேரடி நெருப்பில் வையாமல், வெந்நீர்ப் பாத்திரத்தினுள் வேறொரு பாத்திரத்தில் உருக்குதல் வேண்டும். வெண்கலச் சுற்றுள்ள கம்பிகளுக்குப் பிக்கப் குறைவாகவே விடை தரும். எஃகு அல்லது நிக்கல் சுற்றுள்ளவையே ஏற்றவை.

உயிர் காக்கும் எச்சரிக்கை

பிக்கப்பில் எழும் மின்சாரம் மிகச் சிறிது, அதனால் தீங்கில்லை. ஆயினும் இரைச்சலைத் தவிர்ப்பதற்காகக் கம்பிகளை ஆம்பிளிஃபயரின் எர்த்தோடு இணைக்கிறோம். ஆகவே ஆம்பிளிஃபயரில் மின்கசிவு இருந்து, எர்த் கம்பியும் இல்லாதிருந்தால், அம்மின்சாரம் கம்பி வழியே வாசிப்பவரின் கைக்கு வரும். மழையில் நனைந்த திருவிழா மேடையில் இருமுனைச் சொருகி கொண்டு இணைப்புக் கொடுப்பது எத்தகைய ஆபத்து என்பதை விளக்க வேண்டியதில்லை. மேடைக்கு முறையான எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புக் கருவியும் உள்ளனவா எனப் பார்த்த பின்னரே விழாவைத் தொடங்க வேண்டும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனைத் தம் பொறுப்பாகவே கொள்ளுதல் நன்று.

பஞ்சாயத்து செய்யக்கூடியது

ஒரு சிற்றூரில் நூறு மாண்டலின்கள் விலைபோகா என்பதை நாம் அறிவோம். கலைஞரின் கையளவுக்கும் விருப்பத்திற்கும் ஏற்ப ஒவ்வொன்றாய்ச் செய்யப்படும் கருவி இது. முறுக்குச் சாவி, மெட்டுக் கம்பி, காந்தம் முதலியவற்றை வெளியே வாங்கியே தீர வேண்டும். ஆகவே பெருவருவாய் உறுதி என ஆசை காட்ட மாட்டோம். தச்சர் தம் தொழிலை விடாது ஓய்வு மாதங்களில் ஒன்றிரண்டு செய்து பழகுவதே தக்க தொடக்கம். நன்கு அமைந்த ஒரு கருவியைக் கலைஞர் ஒருவர் கையில் கொடுத்து, அவர் கூறும் குறைகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். கடன், பயிற்சி பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறியலாம்.

இன்றே செய்யக்கூடியது வேறொன்று. ஊர்ப் பொது இடத்தில் கூரையுள்ள ஒரு கொட்டகையை மரம் உலர்த்துவதற்கென ஒதுக்குங்கள். அடுத்த முறை பலா சாயும்போது, கோடரி எடுப்பதற்கு முன் தச்சரை அழைத்து அடிமரத்தைக் காட்டுங்கள். அவர் தேர்ந்தெடுத்த துண்டை மட்டும் விறகு வண்டிக்குத் தராமல் கொட்டகையில் அடுக்கி, வெட்டிய தேதியை அதன்மேல் எழுதி வையுங்கள். மாண்டலின் ஆகாவிடினும் அப்பலகை நல்ல நாற்காலியாகும், பெட்டியாகும். விறகாய் எரிந்துபோன மரத்திலிருந்து எந்தத் தச்சரும் எதையும் செய்ய இயலாது.