கணினிப் பாடம்: பத்தாயிரம் பேரில் ஒரு லெட்சுமி

ஓ.எல். எழுதிவிட்டு கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் நம்ம லயங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும், "அந்தப் பெட்டிக்குள்ள என்னதான் நடக்குது?" என்று கேட்கிற அப்பா அம்மாவுக்கும் இந்தப் பாடம்.

ஒரு பெரிய பேரேடு. பத்தாயிரம் பேரை, வேலைக்குச் சேர்ந்த வரிசையில் எழுதியிருக்கிறது. அதில் ஒரு லெட்சுமியைத் தேடணும். கிளாக்கர் ஐயா முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டியதுதான். தரவுத்தளமும் சும்மா விட்டால் இதைத்தான் செய்யும்.

கடைசிப் பக்கங்களில் பெயர்களை அகரவரிசையில் எழுதி, எதிரே பக்க இலக்கம் போட்டிருந்தால்? நடுவில் திறந்து, ஆள் முன்னேயா பின்னேயா என்று பார்த்து, பாதி பாதியாகத் தள்ளினால் 14 தடவைக்குள் கிடைத்துவிடும். பத்து லட்சம் பேர் என்றாலும் 20 தடவைதான்! இதற்குப் பெயர் இண்டெக்ஸ், அதாவது சுட்டி. ஆனால் புது ஆள் சேரும்போதெல்லாம் சுட்டியிலும் எழுதணும். அதனால் எல்லா நிரலுக்கும் சுட்டி போடுவது வீண் வேலை.

தகவலை அட்டவணைகளாக வைக்கும் இந்த முறையை 1970இல் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் கொட் எழுதி வைத்தார்.

வரிசையாக வேண்டுமென்றால் வினவலில் 'ஓடர் பை' என்று சொல்லணும். சொல்லாவிட்டால் எந்த வரிசைக்கும் உத்தரவாதம் இல்லை. அந்த நிரலுக்குச் சுட்டி இருந்தால் வரிசை ஏற்கெனவே தயார். திரும்ப அடுக்கும் வேலை மிச்சம். பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. செக்ரோல் இலக்கத்தை எண்ணாக இல்லாமல் எழுத்தாகப் பதிந்தால் 1, 10, 100 வந்த பிறகுதான் 2 வரும்.

பிரிவு, பெயர் என்ற வரிசையில் ஒரே சுட்டி போட்டுவிட்டு, பிரிவைச் சொல்லாமல் பெயரை மட்டும் கேட்டாலும் சுட்டி பெரும்பாலும் கைகொடுக்காது.

இனி நம்ம கஷ்டத்துக்கு வருவோம். பதிவில் 'லட்சுமி', அடையாள அட்டையில் 'லெட்சுமி'. நமக்கு ஒரே ஆள். கணினிக்கு இரண்டு பேர். வரிசையிலும் தள்ளித்தான் நிற்பார்கள். சுட்டி நன்றாக இருந்தால் "அப்படி யாரும் இல்லை" என்ற பதில்தான் வேகமாக வரும்! முப்பது வருஷம் கொழுந்து பறித்தவருடைய ஈ.பி.எப். பணம் அந்த ஒரு எழுத்தில் சிக்கி நிற்கலாம். எனவே பெயரை மட்டும் கொடுக்காதீங்க. ஈ.பி.எப். அங்கத்துவ இலக்கத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதிக் கொடுத்து, இன்னொரு தடவை தேடச் சொல்லுங்க.