நீலகிரியில் உறைபனிக்கு முன் வீட்டுத்தோட்டத்தைச் சித்தம் செய்தல்

நீலகிரி மலையின் உயர்ந்த பாகங்களில், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்தவுடன் உறைபனிக் காலம் தொடங்குகிறது. சாதாரணமாக நவம்பர் மாதப் பிற்பகுதி முதல் பிப்ரவரி வரையில் இதற்கு இடமுண்டு. மாலையிற் செழித்து நின்ற அவரையும் உருளைக்கிழங்கும் மறுநாட் காலையில் வெந்தவை போற் கருகிக் கிடப்பதை அங்குள்ள குடியானவர்கள் நன்கறிவர். கருகிய பின் செய்யத்தக்கது சிறிதே. ஆகையால் காப்பு வேலைகள் யாவும் ஐப்பசி மாதத்திலேயே முடிந்திருத்தல் அவசியம்.

பனி உறையும் விதம்:— பகலிற் சூடேறிய நிலம் இரவில் அச்சூட்டை வானத்தை நோக்கி வெளிவிடுகிறது. மேகமிருப்பின் அதில் ஒரு பகுதி திரும்பி வரும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் விரைவாகக் குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று கனமுடையதாதலால், தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஒரே கிராமத்தில் மேட்டுத் தோட்டம் தப்பி, ஓடையோரத் தோட்டம் கருகுவதற்கு இதுவே காரணம்.

இடமும் வேலியும்:— பள்ளமான பாத்திகளில் முட்டைக்கோசு, காரட்டு, பூண்டு முதலிய குளிர் தாங்கும் பயிர்களையே வைத்தல் வேண்டும். தக்காளி, பூசணி முதலியவற்றிற்கு மேற்சரிவோ, வெயில் படும் வீட்டுச் சுவரின் ஓரமோ தகுந்தது. சுவர் பகலில் ஏற்ற சூட்டை இரவில் விடுகிறது. சரிவின் அடிப்புறத்தில் வேலி அடர்ந்திருந்தால், அது அணை போல நின்று குளிர்காற்றைத் தேக்கும். அவ்விடத்தில் வேலியைத் திறந்து வழி விடுதல் நலம்.

நிலம்:— களைகளை நீக்கி, மண்ணைக் கிளறாமல் ஈரமாக வைக்கவேண்டும். ஈரமண் பகற்சூட்டை அதிகமாகச் சேர்த்து வைக்கும். பனிக்கு அஞ்சிக் காய்ந்த புல்லைச் செடியின் அடியிற் பரப்புவது பலர் செய்யும் பிழை. அது நிலத்தின் சூடு மேலெழுவதைத் தடுப்பதால், இலைகளுக்குத் தீங்கு அதிகமாகும்.

மறைப்பு:— மறைப்பு செடியின் மேல் அமைய வேண்டும். நான்கு குச்சிகளை நட்டு, இலைகளிற் படாதவாறு கோணியையோ தழையையோ மாலையில் இட்டு, வெயில் ஏறியதும் கோணியை எடுத்துவிடலாம். உதகமண்டலத்தில் 1848-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட அரசினர் தாவரவியல் தோட்டத்தில், மென்மையான செடிகளைக் கோத்தகிரி மிலார் என வழங்கும் செடியால் மறைத்துக் காப்பது வழக்கம். செலவின்றி ஏழைக் குடியானவரும் கைக்கொள்ளத்தக்க முறை இது.

உரமும் கவாத்தும்:— ஐப்பசிக்குப் பின் தழைச்சத்து உரம் இடுதலும் செடிகளை வெட்டிவிடுதலும் கூடா. அவற்றால் எழும் இளந்துளிரே முதலிற் கருகும். பேரி, பிளம்ஸ் மரங்களை மட்டும் இலையுதிர்ந்து ஓய்ந்த பின் கவாத்துச் செய்யலாம். உதிர்ந்த இலைகளில் நோயுற்றவற்றை எரித்து, மற்றவற்றை எருக்குழியில் இடவேண்டும்.

பனியடித்த பின்:— கருகிய கிளைகளை உடனே வெட்டலாகாது. அவை உள்ளே உயிருள்ள கொம்பை அடுத்த பனியினின்றும் மறைக்கும். பனிக்காலம் கழிந்து துளிர் தோன்றிய பின்னரே, உயிருள்ள இடம் வரையில் வெட்டவேண்டும்.

கிராம அதிகாரிகள் ஆண்டுதோறும் முதற்பனி விழுந்த தேதியையும், கருகிய இடங்களையும் குறித்து வைத்தல் நன்று. சில வருஷக் குறிப்புக்கள் சேருமாயின், எந்தப் பாத்தியில் எதை நடலாம் என்பதை அவ்வூரார் முன்கூட்டியே அறிவர்.