மிகை விசையும் அதன் காவலும்

மோட்டார் இயந்திரத்தின் ஆற்றல் அஃது உட்கொள்ளும் காற்றின் அளவைச் சார்ந்தது. காற்று மிகுந்துழிப் பெட்ரோலும் மிகுதியாய் எரியும்; விசையும் பெருகும். ஆகலின், சிலிண்டர்களைப் பெரிதாக்காமலே ஆற்றலைப் பெருக்க விரும்பினோர், காற்றை அழுத்தி உட்செலுத்தும் வழியை நாடினர். வீணே வெளிப்போகும் புகையைக் கொண்டே அவ்வேலையைச் செய்விப்பது டர்போ சார்ஜர் என்னும் கருவி. புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே அச்சின் மறுமுனைச் சக்கரம் காற்றை அழுத்தும். சுவிட்சர்லாந்து தேயத்து ஆல்பிரட் பூக்கி என்பார் 1905-ஆம் ஆண்டில் இதற்கு உரிமை கோரினார்.

அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் நிறுவனத்தார் 1962-இல் ஜெட்பயர் என்னும் காரில் இக்கருவியை அமைத்தனர். அதன் இயந்திரம் அலுமினியத்தாலாயது. எட்டுச் சிலிண்டர்களும் 215 கன அங்குலக் கொள்ளளவும் உடையது. 215 குதிரைவிசை தரவல்லது. இரண்டே ஆண்டுகள் வெளிவந்த அவ்வண்டியைப் புதுக்குவோர் இன்றும் உளர். அவர்தம் பணியில் நாம் கற்கத்தக்கது யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வியந்திரத்தின் அழுத்த விகிதம் இயல்பிலேயே 10.25-க்கு 1 ஆகும். அதன்மேல் டர்போவின் அழுத்தமும் சேருங்கால் வெப்பம் மிகும். கலவையிற் சிறிது உரிய காலத்திற்கு முன்னரே தானே வெடித்துப் பிஸ்டனைத் தாக்கும். இதனையே ‘நாக்கிங்’ என்பர். இதனைத் தடுத்தற்குக் காய்ச்சி வடித்த நீரும் மெதனாலும் கலந்த திரவமொன்று சிறிது சிறிதாக உட்செலுத்தப்பட்டது. அஃது ஆவியாகுங்கால் வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும். திரவம் தீர்ந்துவிடின், ஒரு தடுக்கிதழ் அழுத்தத்தைக் குறைத்து இயந்திரத்தைக் காக்கும். ஆயின், உரியவர் பலர் கலத்தை நிரப்ப மறந்தனர். விசை குறைந்ததென்று குறைகூறினர். முடிவில் பல வண்டிகளினின்றும் டர்போ கழற்றப்பட்டது. காவலைப் பேணாமையால் ஆற்றலே இழக்கப்பட்டது!

புதுக்குவோர் முதற்கண் ஒவ்வோர் உறுப்பையும் அடையாளமிட்டுக் கழற்றுதல் வேண்டும். அலுமினிய உடலில் வெடிப்போ நீரரிப்போ உண்டா என நோக்குக. பிஸ்டனின் வளையப் பள்ளங்களுக்கு இடைப்பட்ட விளிம்புகள் உடைந்திருப்பின், அவை பழைய நாக்கிங்கின் சான்றாம். காரணத்தை நீக்காது பிஸ்டனை மட்டும் மாற்றுதல் பயனற்றது. கிராங்குத் தண்டையும் பேரிங்குகளையும் நுண்ணளவியால் அளந்து, வேண்டிய இடைவெளியை உறுதிசெய்க. சிலிண்டர்த் தலையின் மரைகளை உரிய வரிசையில், படிப்படியாக, விசையளவியால் முடுக்குக. டர்போவின் அச்சு எண்ணெய்ப் படலத்தின்மீதே மிகுவேகத்தில் சுழல்வது. ஆகவே அதன் எண்ணெய்க் குழாயில் சிறு கசடும் இருத்தலாகாது. திரவத்தை ஆளும் ரப்பர்த் தகடுகள் இறுகியிருப்பின், மெதனாலைத் தாங்குவன கொண்டு மாற்றுக.

இனிச் செப்பஞ்செய்யும் முறை. தீப்பொறி தோன்றும் காலத்தை முதலிற் சரிசெய்க. அது மிக முந்தினால் நாக்கிங் விளையும். அடுத்து, கார்புரேட்டரின் கலவையைச் சீராக்குக. பெட்ரோல் குறைந்த கலவை மிகு அழுத்தத்தில் பிஸ்டனை உருக்கவும் கூடும். திரவம் தடையின்றிச் செல்லுதலையும், அது தீர்ந்தவிடத்துத் தடுக்கிதழ் மூடுதலையும் சோதித்த பின்னரே முழு அழுத்தத்திற்கு இடங்கொடுக்க வேண்டும். என்னை? அழுத்தம் புதிதாய் ஒரு குற்றத்தை உண்டாக்காவிடினும், ஏற்கெனவே உள்ள சிறு குற்றத்தைப் பெருங்கேடாக்கும்.

சிலர் டர்போவைக் கழற்றிவிடுதலே எளிதென்பர். சிலர் அழுத்தத்தை மேலும் கூட்ட விழைவர். முன்னவர் அவ்வண்டியின் சிறப்பையே இழக்கின்றனர். பின்னவர் இயந்திரத்தையே இழக்க நேரும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது, காவலை முதலில் நிறுவி ஆற்றலைப் பின்னர்க் கூட்டும் நெறி. பொறிப்பட்டறையில் நிற்பார்க்கேயன்றி, இளமையின் வேகமுடைய மாணவராகிய நமக்கும் இந்நெறி பொருந்துவதன்றோ?