பரிசும் நஞ்சும்

கேள்வி: ‘கிஃப்ட்’ ஆங்கிலத்தில் பரிசு, ஜெர்மனில் நஞ்சு, ஸ்வீடிஷில் ‘மணமானவர்’. எழுத்து ஒன்றாக அமைந்தது தற்செயல்தானே?

பதில்: இல்லை, மூன்றும் ஒரே சொல். ‘கொடு’ என்று பொருள்படும் பழைய ஜெர்மானிய வேரில் பிறந்தது, அடிப்பொருள் ‘கொடை’. அதில் திருமணம் எப்படி நுழைந்தது? ‘அந்த ஊரில் பெண் கொடுத்திருக்கிறோம்’ என்று நாம் சொல்வதில்லையா, அப்படித்தான். பழைய ஆங்கிலத்திலும் இது மணப்பெண்ணுக்காகத் தரும் விலையைக் குறித்தது. பன்மையில் திருமணத்தையே குறித்தது. ‘யி’ என்று தொடங்கிய உச்சரிப்பு ‘கி’ ஆனது வைக்கிங்குகளின் நோர்ஸ் மொழியால்.

நஞ்சுதான் இடிக்கிறது. அதற்கு வேறு வேர் இருக்கும் என்று நீங்கள் வாதிடலாம். ஆனால் கிரேக்க ‘டோசிஸ்’ என்பதற்கும் பொருள் ‘கொடுத்தல்’தான். மருத்துவர் ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்துக்கு அது பெயராகி, லத்தீன் வழியே பரவியது. நம் வாயில் புழங்கும் ‘டோஸ்’ அதுவே. அதைப் பின்பற்றி ஜெர்மனும் நஞ்சை ‘கொடுக்கப்பட்டது’ என்று மங்கலவழக்காகச் சொன்னது. அப்படியானால் பழைய பொருளுக்கு ஜெர்மனில் தடயமே இல்லையா என்றால், ‘மிட்கிஃப்ட்’ இன்றும் இருக்கிறது: பெண்ணோடு கொடுத்தனுப்புவது, அதாவது வரதட்சணை. இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. ஸ்வீடிஷில் நஞ்சுக்கும் இதே சொல்தான். கேலிக்குக் கேட்கவா வேண்டும்! டச்சுக்காரர்கள் மட்டும் முன்ஜாக்கிரதையாக, நஞ்சைக் குறிக்கும்போது கடைசி ‘ட்’டைக் கழற்றிவிட்டார்கள்.