வேன் செலவைப் பங்கு போடுறீங்களா? முதலில் போர்டைப் பாருங்க!

திருவண்ணாமலை கிரிவலம், வேளாங்கண்ணி, சபரிமலை, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என எதுவாக இருந்தாலும், பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டால் நாம் தேடுவது ஒரு வேனைத்தான். தலைக்கு எவ்வளவு என்று வாட்ஸ்அப் குழுவில் கணக்குப் போட்டு, செல்போனிலேயே பணம் வாங்கிக் கிளம்பிவிடுகிறோம். இப்படிப் பங்கு போடுவது சட்டப்படி சரியா?

பங்கு போடுவது தப்பே இல்லை. எந்த வண்டிக்குப் பணம் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

மஞ்சள் போர்டு வண்டி என்றால்...

ஓட்டுநர் நீங்கலாக 6 பேருக்கு மேல் 12 பேர் வரை ஏற்றும் வாடகை வண்டியை, மோட்டார் வாகனச் சட்டம் 1988 'மேக்சி கேப்' என்று சொல்கிறது. இதற்கு ஒப்பந்த ஊர்தி பெர்மிட் வேண்டும். உதாரணமாக, முழு வண்டிக்கும் 18,000 ரூபாய் பேசி, 12 பேர் தலைக்கு 1,500 ரூபாய் போடுகிறீர்கள். இதில் சிக்கல் இல்லை. ஆனால் காலி சீட்டை நிரப்ப, வழியில் கை காட்டுபவர்களை ஏற்றக் கூடாது.

வெள்ளை போர்டு வண்டி என்றால்...

"தெரிஞ்சவர் வேன்தான், வாடகை கம்மி" என்று சொல்வார்கள். அங்கேதான் ஆபத்து. வெள்ளை போர்டு சொந்த உபயோகத்துக்கு மட்டுமே. அதை வாடகைக்கு ஓட்டினால், பெர்மிட் இல்லாமல் ஓட்டிய குற்றம். சட்டப் பிரிவு 192ஏ-யின்படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமும், 6 மாதம் வரை சிறையும் உண்டு. வண்டியையும் பிடித்து வைக்கலாம். குழந்தைகளோடு நடுவழியில் நிற்கப்போவது நீங்கள்தான்.

அபராதத்தைவிடப் பெரிய இழப்பு வேறு இருக்கிறது. விபத்து நடந்தால், "பெர்மிட் இல்லாத வண்டியை வாடகைக்கு ஓட்டினார்கள்" என்று சொல்லி இழப்பீட்டுப் பொறுப்பை மறுக்க, காப்பீட்டு நிறுவனத்துக்குச் சட்டமே இடம் தருகிறது. அடிபட்டவரின் குடும்பம் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும். வாடகையில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய் அதற்கு ஈடாகுமா?

முன்பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

1. வண்டி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எம்பரிவாகன் செயலியில் போட்டால் வண்டியின் வகை, எஃப்சி, இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்பது தெரியும்.

2. பெர்மிட் நகலை அனுப்பச் சொல்லுங்கள். வேறு மாநிலம் போவதாக இருந்தால், அந்த மாநிலத்துக்கும் அது செல்லுமா என்று பாருங்கள்.

3. ஆர்சி-யில் உள்ள சீட்டுக்கு மேல் ஒருவரைக்கூட ஏற்றாதீர்கள். கூடுதலாக உள்ள ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் அபராதம். அவர்களை இறக்கி, மாற்று ஏற்பாடு செய்யும் வரை வண்டி நகராது.

4. அகில இந்திய சுற்றுலா பெர்மிட் வண்டியில் பயணிகள் பட்டியல் இருக்க வேண்டும். காகிதத்திலோ செல்போனிலோ வைத்துக்கொள்ளலாம்.

5. மொத்த வாடகை, டீசல், டோல், ஓட்டுநர் படி யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள். அதையே குழுவிலும் போட்டுவிட்டால், பிறகு பங்குக் கணக்கில் மனக்கசப்பு வராது.

அடுத்த முறை குழுவில் "வண்டி ரெடி" என்று செய்தி வந்ததும், "என்ன போர்டு?" என்று முதல் ஆளாக நீங்கள் கேளுங்கள்.